விதைக்கு விட்டது

மாசி பிறந்ததும் தோட்டமுள்ள வீடுகளில் ஒரு சிறு வேலை தொடங்குகிறது. பரண்மேல் கிடந்த சுரைக்குடுவையும், அடுப்படி உத்தரத்தில் தொங்கிய துணி முடிச்சுகளும், மூடி இறுகிய புட்டிகளும் கீழே இறக்கப்படுகின்றன. வெண்டை, பாகல், புடலை, பூசணி, தண்டுக்கீரை என்று விதைகள் முறத்தில் பரப்பப்படுகின்றன. பொக்குகள் புடைத்து நீக்கப்படுகின்றன. வண்டு துளைத்தவை பொறுக்கி எறியப்படுகின்றன. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் இந்நாள்கள் கோடைக் காய்கறிகளுக்கு விதையிட ஏற்றவை. கொல்லையில் நாலு பாத்தி வெட்டுவோர்க்கும், மாடியில் நாலு தொட்டி வைப்போர்க்கும் இவ்வேலை ஒன்றே.

இவ்வளவு சிறிய வேலையில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்று இருக்கிறது. முறத்தில் கிடக்கும் ஒவ்வொரு மணியும் சென்ற பருவத்தில் யாரோ ஒருவர் உண்ணாமல் விட்டது. காய் இளசாக இருந்த நாளில் அதைப் பறித்துக் குழம்பில் இட்டிருக்கலாம், இடவில்லை. நெல்லாயின் குத்திச் சோறாக்கியிருக்கலாம், ஆக்கவில்லை. உண்ணத் தக்கதை உண்ணாமல் எடுத்து வைப்பது அறமா? பசித்தோர் நிறைந்த உலகில் அது ஒருவகைக் கஞ்சத்தனம் ஆகாதா? எடுத்து வைத்த அந்த விதை உண்மையில் யாருக்குச் சொந்தம்? விதையைக் கையில் எடுக்கும் நாளில் இக்கேள்விகளுக்கும் நாம் விடை தேடத்தான் வேண்டும்.

நல்லதை ஒதுக்கும் பழக்கம்

நம் பாட்டிமார் விதை எடுத்த முறையை முதலில் நினைத்துப் பார்ப்போம். கொடியில் நன்கு திரண்ட பூசணியையோ, செடியின் நடுப்பகுதியில் நேராக நீண்ட வெண்டைக்காயையோ தேர்ந்து, அதன் காம்பில் ஒரு கந்தல் துணியைக் கட்டிவிடுவார்கள். 'விதைக்கு விட்டிருக்கிறது' என்று ஒரு சொல். அச்சொல்லுக்குப் பின் அக்காயை வீட்டில் எவரும் தொடுவதில்லை. வெண்டை செடியிலேயே காய்ந்து வரிகளில் வெடிக்கும்வரை காத்திருப்பார்கள். சுரை, தோல் இறுகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்வரை கொடியிலேயே கிடக்கும். பாகல் பழுத்துப் பிளந்தபின் சிவந்த சதையைக் கழுவி நீக்கி, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வறட்டியாகத் தட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. துவரைக்குச் செம்மண் பூச்சு. மக்காச்சோளக் கதிருக்கு அடுப்புப் புகை. நெல்லுக்கு வைக்கோற்புரி சுற்றிய கோட்டை.

இம்முறைகள் பலவற்றுக்கும் அடிப்படை, விதையில் ஈரம் தங்கலாகாது என்பதே. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அது உயிரோடு இருக்கும் காலம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை அறிவியலார் பின்பற்றும் பொதுக் கணக்கு. ஆய்வுக்கூடம் காணாத அடுப்படி, சாம்பலையும் புகையையும் கொண்டே அக்கணக்கின்படி நடந்து வந்தது.

ஆயினும், நாம் இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. விதைக்கென ஒதுக்கப்பட்டது இருந்தவற்றுள் மிகச் சிறந்தது. இளசாகத் தட்டில் விழுந்திருந்தால் எல்லாரும் விரும்பி உண்டிருக்கக்கூடிய காய்தான் விதைக்கு விடப்பட்டது. நாம் பிறர்க்கென ஒதுக்குவனவற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போமானால் சற்று நாணவே செய்வோம். உடுத்துக் கழித்த துணி, உண்டு மீந்த சோறு, வேலையெல்லாம் முடிந்தபின் எஞ்சிய நேரம் ஆகியவற்றையே பெரும்பாலும் கொடுக்கிறோம். எஞ்சியதை விதைத்தால் எஞ்சியதே விளையும் என்பது உழவருக்குத் தெரியும். அது நமக்கு மட்டும் தெரியாமல் போகிறது.

அவிழும் முடிச்சு

எடுத்து வைத்தாலே போதாது; வைத்தது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். நெல் விதைக்கும் வீடுகளில் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் இட்ட புதிய கோழிமுட்டை மிதந்து ஒரு நாணய அளவுக்குத் தலை காட்டும்போது நிறுத்துவார்கள். அந்நீரில் நெல்லைக் கொட்டினால் பொக்கும் அரைமணியும் மேலே வந்துவிடும். மூழ்கியதே விதை. அதையும் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவியாக வேண்டும். இல்லையேல் உப்பே முளையைக் கெடுத்துவிடும். காய்கறி விதைக்குச் சோதனை இன்னும் எளிது. எண்ணி எடுத்த விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, சில நாள் கழித்து விரித்து, முளைத்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நம் நாட்டில் வகுத்துள்ள அளவுப்படி, குறைந்தது நெல்லில் நூற்றுக்கு 80, வெண்டையில் நூற்றுக்கு 65 முளைக்க வேண்டும். ஊர்த் திருவிழாக்களில் பெண்கள் சுமந்து வரும் முளைப்பாரியும், ஊரின் விதையை ஊரார் கண்முன்னே சோதித்த பழைய முறைதான் என்று சொல்வோர் உண்டு.

இச்சோதனை நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. நெடுங்காலம் பூட்டி வைத்த விதை செத்துவிடும். ஆகவே வைத்தலும் பதுக்கலும் ஒன்றல்ல. கஞ்சனின் முடிச்சும் உழவரின் முடிச்சும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு மாசியில் தெரிந்துவிடும். ஒன்று அவிழும், மற்றது அவிழாது. மண்ணில் விழுந்து உருவழிவதற்கென்றே காக்கப்படுவது விதை. தன்னிடமே இருக்க வேண்டும் என்பதற்காகக் காக்கப்படுவது வெறும் சொத்து.

விதைப்பவர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வழியோரம், பாறை, முட்செடி, நல்ல நிலம் என்று நிலங்களைப் பற்றியே பெரும்பாலும் சிந்திக்கிறோம். அவர் கையில் இருந்த விதை எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. அவர் விதைக்கப் புறப்படுமுன், ஓராண்டுக் காலம் ஒரு வீட்டில் யாரோ அதை உண்ணாமல் காத்திருக்க வேண்டும். கையை இறுக்கி வாழ்ந்த அந்த வீட்டின் உழைப்பும், வழியோரத்திலும் பாறையிலும்கூட அள்ளி வீசும் அவருடைய தாராளமும் ஒரே விதையின் இரு நிலைகளே.

பசித்தும் உண்ணாதவர்கள்

கேள்வி எளிதாக இருக்கும்போது விடையும் எளிதாகவே இருக்கும். அடுக்களையில் அரிசி இருக்கும்போது விதைநெல்லைத் தொடாதிருப்பது பெரிய அறமன்று. அரிசி தீர்ந்தபின் என்ன செய்வது என்பதே கேள்வி.

இரண்டாம் உலகப் போரில் அக்கேள்வி லெனின்கிராடு நகரில் எழுந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் அந்நகரை முற்றுகையிட்டன. 1944 ஜனவரியில்தான் முற்றுகை முழுமையாக நீங்கியது. 1941 நவம்பர் பிற்பகுதியில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். அந்நகரின் நடுவே பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருந்தது. நிக்கொலாய் வவிலோவ் என்னும் அறிஞர் உலகின் பல நாடுகளுக்கும் பயணம் செய்து சேகரித்த கோதுமை, நெல், பயறு, கிழங்கு ஆகியவற்றின் விதைகள், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளாக அங்கே இருந்தன. அவற்றைக் காத்தவர்கள் பசியால் வாடினார்கள். எலிகளை விரட்டினார்கள். உருளைக்கிழங்குகள் உறைந்து போகாதிருக்கக் கிடைத்ததையெல்லாம் எரித்து நிலவறையைச் சூடாக்கினார்கள். நிலக்கடலைத் தொகுப்புக்குப் பொறுப்பாளரான அலெக்சாந்தர் ஷூக்கின் தம் மேசையிலேயே உயிர் நீத்தார். நெல் தொகுப்பைக் காத்த திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களைத் தொடாமல் வைத்துவிட்டுப் பட்டினியால் இறந்தார். இவர்களைப்போல் இன்னும் சிலரும் இறந்தனர். வவிலோவ் 1940இல் தம் சொந்த அரசாலேயே கைது செய்யப்பட்டு, 1943 ஜனவரி 26 அன்று சரத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து மாண்டார். உலகத்தின் பசி தீரத் தானியம் தேடியவருக்குக் கிடைத்த முடிவு அது.

இவர்கள் செய்தது சரியா? வெளியே குழந்தைகள் செத்துக்கொண்டிருக்க, உள்ளே நெல் இருந்தது. இதைக் கேட்டு மனம் கலங்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்நகரில் அடைபட்டிருந்தவர்கள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேருக்கும் அத்தொகுப்பைப் பகிர்ந்திருந்தால் ஆளுக்கு ஒரு வேளை உணவுகூடத் தேறியிராது. உண்டிருந்தால் பயன் பெற்றிருக்கக்கூடியவர்கள், சாவியைக் கையில் வைத்திருந்த சிலர் மட்டுமே. சாவி தம்மிடம் இருப்பதாலேயே தானியம் தமக்கு உரியதாகிவிடாது என்று அவர்கள் உணர்ந்தார்கள். அவர்களுடைய பெருமை அதுவே.

விதைத்ததையும் அள்ளியவர்

இதற்கு நேர்மாறான ஒரு செய்தி நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் இளையான்குடி மாறனாரின் வரலாறு வருகிறது. செல்வராய் இருந்து விருந்தோம்பியே வறியவரானவர் அவர். மழை கொட்டும் ஓர் இரவில், வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லாத வேளையில், அடியார் ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார். அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை அள்ளி வந்தால் உணவாக்கலாம் என்று மனைவியார் கூறுகிறார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருளில் போய், காலால் தடவிக் கண்டு, மழைநீரில் மிதந்த விதையை வாரி வருகிறார். விறகில்லை, கூரையின் வரிச்சை அறுத்துத் தருகிறார். கறிக்குக் கொல்லையின் இளம்பயிரைப் பறித்து வருகிறார். வறுத்துக் குத்திய அந்த விதைநெல் விருந்தினருக்குச் சோறாகிறது.

லெனின்கிராட்டில் விதையை உண்ணாதது அறம் என்றால், இளையான்குடியில் விதையைச் சமைத்தது அறமாகுமா? இரண்டில் ஒன்றைத் தவறு என்று சொல்லியாக வேண்டுமல்லவா? அவசரப்பட வேண்டாம். இரண்டு இடங்களிலும் விதையைக் கையில் வைத்திருந்தவரின் நிலையைப் பார்ப்போம். மாறனாரும் அவர் மனைவியாரும் அன்று பசித்திருந்தவர்களே. தம் பசிக்காக அவர்கள் வயலை நினைக்கவில்லை. வாயிலில் ஒருவர் வந்து நின்றபின்தான் நினைத்தார்கள். இவானோவும் தம் பசிக்காகப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஒருவர் கண்முன் நின்ற விருந்தினருக்காக விதையைக் கொடுத்தார். மற்றவர் கண்ணால் காணப் போகாத, இன்னும் பிறக்காத மக்களுக்காக அதைக் காத்தார். 'இது எனக்கு உரியதன்று' என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

விதை பற்றிய அறத்தை இப்படிச் சொல்லலாம். விதையை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். ஒருவரிடமிருந்து பெற்று மற்றொருவரிடம் சேர்ப்பவர். தம் பசிக்கு அதைத் தொடமாட்டார். பிறர் பசிக்குக் கொடுக்க நேர்ந்தால் கொடுப்பார். அதனால் வரும் இழப்பைத் தாமே ஏற்பார். விதையைக் காட்டிப் பசித்தவரைத் திருப்பி அனுப்புகிறவரும், பசியைக் காட்டி விதையைத் தாமே உண்டு தீர்க்கிறவரும் இவ்வறத்துக்குப் புறம்பானவர்கள்.

விதையை உண்ட வீடு

இங்கே நாம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பஞ்ச காலத்தில் விதைநெல்லைப் பொங்கி உண்ட ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ. அழும் குழந்தைக்குக் கஞ்சி வைக்க முடிச்சை அவிழ்த்த தாயை மாறனாரோடும் இவானோவோடும் ஒப்பிட்டுக் குறை கூறினால் நாம் கொடியவர்கள் ஆவோம். அவள் தனக்காக உண்ணவில்லை. அந்நிலைக்கு அவளைத் தள்ளிய கடன்காரருக்கும், நிறைந்த குதிரோடு அடுத்த வீட்டில் வாழ்ந்தவருக்கும், பார்த்துக்கொண்டிருந்த ஆட்சியாளருக்கும் அக்குற்றத்தில் பங்கு உண்டு. விதை தீர்ந்த வீடு அடுத்த ஆண்டும் பட்டினி கிடக்கும். நிலம் இருந்தும் கூலியாகும். சென்னை மாகாணத்தை வாட்டிய 1876-78 பஞ்சத்துக்குப் பின், 1884இல் வந்த உழவர் கடன் சட்டம் விதையும் மாடும் வாங்க அரசு கடன் தர வழி செய்தது. நம் பெரியவர்கள் 'தக்காவிக் கடன்' என்று வழங்கியது இத்தகைய கடனையே. விதையின்மை தனி ஒரு வீட்டின் குறையன்று, ஊரார் அனைவரின் பொறுப்பு என்பதை அரசுகூட அன்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

விதை கொடுப்பதிலும் தீமை நுழையக்கூடும். தொடக்கநூலில் யோசேப்பு பஞ்சத்தில் வாடிய எகிப்தியருக்கு விதை தருகிறார். ஆனால் அதற்குமுன் அவர்களுடைய நிலமும் அவர்களும் பார்வோனுக்கு உடைமையாகிவிட்டனர். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கும் அவனுக்கே. விதையைப் பெற்றவர் உரிமையை இழந்தால், அவ்விதை பசியைத் தீர்த்தாலும் அடிமைத்தனத்தையும் சேர்த்தே முளைப்பிக்கிறது.

கொடுத்ததே நிலைக்கும்

இதற்கு மாறான வழியை நம் மண்ணிலேயே கண்டோம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்கள் நடத்திய நெல் ஜெயராமன், 2018 டிசம்பரில் மறையும் வரை 174 பாரம்பரிய நெல் இரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதைநெல்லை உழவருக்குக் கொடுப்பார். அதற்கு விலை இல்லை. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. திரும்பி வந்த நான்கு கிலோ, இன்னும் இருவர் கைக்குச் செல்லும். இரகங்கள் பிழைத்தது பூட்டிய அறையால் அன்று, கைமாறிய முடிச்சுகளால்.

உலக அளவிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. நார்வே நாட்டின் வடக்கே, பனி உறைந்த ஸ்வால்பார்டு தீவில் 2008இல் ஒரு விதைக் காப்பகம் திறக்கப்பட்டது. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே இருந்த பன்னாட்டு வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி மையம், தன் விதைகளில் பெரும்பகுதியின் இரட்டைப் படிகளை அங்கே அனுப்பி வைத்திருந்தது. உள்நாட்டுப் போரால் அம்மையம் தன் இருப்பிடத்தையே இழந்தபோது, 2015இல் அவ்விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கியது. 2017இல் புதிய விதைகளை மீண்டும் அக்காப்பகத்திற்கு அனுப்பியது. தன்னிடமே அனைத்தையும் வைத்திருந்தால் அனைத்தும் போயிருக்கும். பிறர் கையில் கொடுத்தது மட்டுமே மிஞ்சியது.

எடுத்து வைப்பதா, கொடுப்பதா என்று தொடக்கத்தில் எதிரெதிராகத் தோன்றிய இரண்டும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. விதையை நெடுநாள் காக்க விரும்புகிறவர் அதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து வைக்க வேண்டும். நம் கொல்லையில் அவரை பட்டுப்போன ஆண்டில், நாம் கொடுத்த விதை அவர்கள் பந்தலில் காய்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மாசியில்

இன்று பெரும்பாலோர் விதையைக் கடையில் பொட்டலமாக வாங்குகிறோம். அதில் பழியொன்றும் இல்லை. ஆனால் வீரிய ஒட்டு இரக விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே விளையாது. ஆண்டுதோறும் வாங்கியே ஆக வேண்டும். விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பிறரோடு பகிரவும் உழவருக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுள்ளது. உரிமை சட்டத்தில் இருந்தும் பழக்கம் வீட்டில் இல்லையெனில் பயன் என்ன? விதை எடுக்கும் பழக்கத்தோடு, சிறந்ததைத் தொடாமல் விடும் பழக்கமும் நம்மை விட்டுப் போகிறது. காம்பில் கட்டிய கந்தல் துணியைக் கண்டு கையை இழுத்துக்கொண்ட குழந்தை, உலகில் உள்ள எல்லாம் தனக்காகவே விளையவில்லை என்பதை அன்றே கற்றுக்கொண்டது. அப்பாடத்தை இன்று வேறு எங்கே கற்பிப்போம்?

ஆகவே இந்த மாசியில் விதையிடும்போது ஒரு செடியையேனும் நாட்டு இரகமாக இடுவோம். காய்ப்புக்கு வந்ததும், பறிக்கக் கை நீளும் நல்ல காயொன்றைத் தேர்ந்து, வீட்டுப் பிள்ளைகள் கையாலேயே அதற்குத் துணி கட்டச் செய்வோம். முற்றியபின் விதையை உலர்த்தி மூன்று பங்காக்குவோம். ஒன்று அடுத்த பருவத்துக்கு. ஒன்று அண்டை வீட்டுக்கு. ஒன்று விதையில்லை என்று கேட்டு வருபவருக்கு. அப்படி யாரும் வராவிட்டால், விதையற்ற வீடு எது என்று நாமே தேடிப் போவோம்.